பர்லியார் தாண்டிய ஃபிரிட்ஜ்

மலையில் இருப்பவர்களை ஏமாற்ற அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. "வண்டி பர்லியார் தாண்டிடுச்சுங்க" என்று போனில் சொன்னால் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற சாலையில், நடுவழியில் இருக்கிறது பர்லியார். நாலு பழக்கடை, இரண்டு டீக்கடை, கணக்கில்லாத குரங்குகள். அதைத் தாண்டிவிட்ட வண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட மாதிரிதான் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அப்படிச் சொல்கிற ஆள் கோயம்புத்தூரில் பனியனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

நான் வீட்டு வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர். சமையலறை, குளியலறை, அவற்றில் வைக்கிற சாமான்கள் வரை எல்லாம் என் பொறுப்பு. இப்போதெல்லாம் பர்லியார் பொய்யைக் கேட்டால் தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். ஆனால் என் முதல் வேலையில் அதை வேதவாக்காக நம்பினேன். அதனால் நடந்ததை என் வீட்டார் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மானம் போனது போகட்டும், சரியான விவரத்தோடு போகட்டும் என்றுதான் நானே எழுதுகிறேன்.

குன்னூர் பஜாரில் என் அப்பாவுக்கு, நாங்கள் சொல்வதானால் அத்தாவுக்கு, ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலே ஒரு அறை உண்டு. பெயின்ட் டப்பாக்களும் உடைந்த குழாய்களும் பத்து வருஷமாக அங்கே குடித்தனம் நடத்திவந்தன. கோயம்புத்தூரில் சிவில் படித்து முடித்து, கூடவே சனி ஞாயிறில் 'இன்டீரியர்' வகுப்புக்கும் போய்விட்டு ஊர் திரும்பிய எனக்கு அந்த அறையின் மேல் ஒரு கண். ஜன்னலைத் திறந்தால் பஜார் தெரியும். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வெளியே 'ஷமீமா' என்று ஒரு போர்டு. அத்தாவிடம் கேட்டேன்.

"ஒரு வேலைய எடுத்து முழுசா முடிச்சுக் காட்டு, ரூமைத் தர்றேன்," என்றார் அத்தா. "கெட்ட பேர் வந்துச்சுன்னா பேசாம திருப்பூருக்குப் போய் மாமா கடையில கணக்கு எழுது."

திருப்பூரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றாத ஒருத்தியை சித்திரை மாதத்தில் திருப்பூருக்கு அனுப்புவது தண்டனைதான். அத்தாவுக்கும் அது தெரியும்.

முதல் வேலையை அத்தாவே பிடித்துக்கொடுத்தார். ராஜாமணி சார் அவருடைய பழைய வாடிக்கையாளர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆனது முதல் ஓய்வு பெறும் வரை குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளிவிட்டு, இப்போது ஜெகதளாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் சொந்தமாக வீடு கட்டியிருந்தார். சுவர் எழும்பிவிட்டது. சமையலறையும் சாமான்களும் என் கையில். வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுவதாக முகூர்த்தம் குறித்தாயிற்று.

அவருடைய மனைவி சாவித்திரியம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஏனுங்க அம்மிணி, குவார்ட்டர்ஸ்ல அடுப்பை வெச்சா பாத்திரம் வைக்க இடமிருக்காது, பாத்திரத்தை வெச்சா நான் நிக்க இடமிருக்காது. இது என்ற ஊடு. பால் பொங்கறப்ப என்ற அடுப்படில ஒரு சாமான் குறையக் கூடாதுங்க." அந்த அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

சாமான்கள் இவை: அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி, வாஷிங் மெஷின், இரண்டு கீசர், ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜை மட்டும் பெங்களூரில் இருக்கும் மகன் தேர்ந்தெடுத்திருந்தார். ஆள் உயரம், இரட்டைக் கதவு, கறுப்பு எஃகில் அப்படி ஒரு பளபளப்பு. அதைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஜோசப் அண்ணனின் வீட்டுச் சாமான் கடை. விஷயம் தெரிந்ததும் அவரே வந்தார். "எங்கிட்டயே எடும்மா ஷமீ. எல்லாம் ஸ்டாக் இருக்கு. ஆளைப் போட்டு மேல ஏத்தி, மாட்டியும் குடுத்துடறேன்."

நான் அவரை உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்தேன். இந்தக் காலத்தில் சப்ளையர்களை எப்படி ஒருங்கிணைக்க வேண்டும், ஆர்டரையும் டெலிவரியையும் எப்படி ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, டீ சாப்பிடறியா?" என்றார். என் பேச்சு அவருக்கு அவ்வளவு புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (எனக்கே எவ்வளவு புரிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.)

கோயம்புத்தூரில் மூன்று கடைகளில் ஆர்டர் கொடுத்தேன். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஒரு கடை, அடுப்பும் புகைபோக்கியும் இன்னொன்று, கீசர் மூன்றாவது. தனித்தனியாக மூன்று வண்டி வந்தால் அது பழங்கால முறை. எல்லாவற்றையும் ஒரே குடோனில் சேர்த்து, ஒரே லாரியில், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறக்குவது என்று ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். மூன்று கடை ஆட்கள், லாரி டிரைவர், எலக்ட்ரீஷியன், தச்சர், பிளம்பர், ராஜாமணி சார், பெங்களூர் மகன், அத்தா என ஒருவர் விடாமல் சேர்த்தேன். வண்ண வண்ணமாக ஒரு அட்டவணை போட்டு அனுப்பினேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஐ.நா. சபையில்கூட அப்படி ஒரு ஒற்றுமை இருந்திருக்காது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு இன்னொரு யோசனை வந்தது. நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு சாமான் வந்தால் ஒரு அறை நிறையத் தெர்மோகோலும் பிளாஸ்டிக் உறையும் மிஞ்சும். அதை அந்தப் பெரியவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? எனவே ஃபிரிட்ஜ் கடை சேல்ஸ்மேன் சதீஷுக்கு போன் செய்தேன்.

"அட்டை, தெர்மோகோல் எல்லாத்தையும் அங்கயே பிரிச்சு எடுத்துட்டு அனுப்புங்க."

"மேடம், அம்மணமாவா?"

"ஜமுக்காளம் சுத்தி அனுப்புங்க. சுற்றுச்சூழல் முக்கியம் இல்லீங்களா?"

"நீங்க சொன்னா சரிங்க மேடம்," என்றான் சதீஷ். இப்படி ஒரு வாடிக்கையாளரை அவன் பார்த்ததே இல்லையாம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பாதையையும் நான் விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய், மெயின் ரோட்டிலிருந்து ராஜாமணி சார் வீடு வரை ஏறுகிற சிமென்ட் பாதையின் அகலத்தை இடத்துக்கு இடம் அளந்தேன். லாரியின் அகலத்தைவிட ஒரு முழம் அதிகமாகவே இருந்தது. பாதையோரத் தேயிலையில் கவாத்துக் கத்தியோடு நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ரோட்டை விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்றார்.

அவர் பெயர் போஜன். அந்தப் பகுதியில் சிறு தோட்டம் வைத்திருக்கும் படுகர் வீடுகளின் பச்சை இலையையெல்லாம் தன் பிக்கப்பில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிறவர். இலை வண்டி போஜண்ணா என்றால் எல்லோருக்கும் தெரியுமாம். "ஒரு வண்டி வரணும்ண்ணா, அதான்" என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன். எந்த வண்டி, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று அவர் கேட்க வாயெடுத்தார். நான் அதற்குள் அடுத்த இடத்தை அளக்கப் போய்விட்டேன்.

தோட்டப் பாதைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இலை எடுக்கிற நாளில் பாதை இலை வண்டிக்குத்தான். மணலோ செங்கல்லோ கட்டிலோ பீரோவோ எது ஏற வேண்டுமானாலும் முதல் நாளே இலை வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பறித்த இலை காத்திருக்காது. சாக்குக்குள் கிடந்து சூடேறினால் ஃபேக்டரிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. தெரியாதவர்களும் அங்கே யாரும் இல்லை, என்னைத் தவிர. பஜாரில் வளர்ந்த எனக்குத் தேயிலை என்றால் பாக்கெட்டில் வருவது. பெங்களூர் வரைக்கும் செய்தி அனுப்பிய நான், அந்தப் பாதையில் தினமும் போகிற ஒரே மனிதரைக் குழுவில் சேர்க்கவில்லை.

புதன்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கு ராஜாமணி சார் வீட்டு வாசலில் நின்றேன். எலக்ட்ரீஷியன், தச்சர், பிளம்பர் மூவரும் வந்து காத்திருந்தார்கள். லாரி வரவில்லை. போனில் டிரைவரின் நீலப் புள்ளி மலையடிவாரத்துக்கே வராமல் காரமடைப் பக்கம் அசையாமல் கிடந்தது. சதீஷுக்கு அடித்தேன்.

"வண்டி பர்லியார் தாண்டிடுச்சுங்க மேடம்."

"லொகேஷன் காரமடைன்னு காட்டுதே?"

"சிக்னல் இல்லீங்க மேடம். புள்ளி பின்னாடி வருது, வண்டி முன்னாடி போகுது."

நம்பினேன். (சிவில் இன்ஜினீயர்!) பத்தரைக்கு பர்லியார் தாண்டிடுச்சு. பன்னிரண்டுக்கும் பர்லியார் தாண்டிடுச்சு. ஒரு மணிக்கு எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போனார், இரண்டு மணிக்குத் தச்சர் வேறு வேலைக்குப் போனார். பிளம்பர் மட்டும் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். ராஜாமணி சார் வெள்ளைச் சட்டையில் வாசலுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டே இருந்தார். "வந்துடுமுங்களா அம்மிணி?" என்று ஒவ்வொரு நடைக்கும் ஒருமுறை கேட்டார். கேட்பதில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மணிக்கு லாரி உண்மையிலேயே வந்தது. மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, தேயிலைக்கு நடுவே ஏறி, சில்வர் ஓக் மரத்தடியில் இருக்கும் கடைசி வளைவு வரைக்கும் ஜம்மென்று வந்தது. நான் கையை ஆட்டி வரவேற்றேன். வளைவில் பாதி திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

பாதையின் அகலத்தை அளந்தவள், லாரியின் நீளத்தை நினைக்கவில்லை. மூன்று கடைச் சாமானையும் ஒரே வண்டியில் அனுப்பச் சொன்னதால் அவர்கள் நீளமான லாரியாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். முன்சக்கரம் ஒரு பக்கம் வரப்பை முட்டிக்கொண்டு நிற்க, பின்சக்கரம் மறுபக்கம் சேற்றில் இறங்கியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. காலையில் பெய்த தூறலுக்கு மண் வெண்ணெயாக இருந்தது.

டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ரோட்டை அளந்தது யாருங்க?" என்று கேட்டார். நான் மரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் மேலேயிருந்து ஹாரன் கேட்டது. இலை வண்டி. சாக்குகள் கூரைக்கு மேல் எழும்பி நிற்க, போஜண்ணா இறங்கி வந்துகொண்டிருந்தார். அன்று இலை நாள். வண்டிக்குப் பின்னால் தலையில் துணி கட்டிய பெண்களும் தோட்டக்காரர்களுமாக ஒரு கூட்டம். ஐந்து மணிக்குள் இலை ஃபேக்டரி தராசில் ஏற வேண்டும். இல்லையென்றால் அத்தனை வீட்டின் அன்றைய பறிப்பும் வீண். பாதையோ ஒன்றே ஒன்றுதான். அதில் என் லாரி குறுக்கே கிடந்தது.

போஜண்ணா திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அன்னைக்கு அளந்தீங்களே, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிக்கப்ப அனுப்பியிருப்பேனேம்மா," என்றார். கூட்டத்திலிருந்து ஒரு பெண், "எங்க இலையெல்லாம் இந்தப் பொண்ணு ஊட்டுலதான் காயப் போடணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது சிரிப்பில் சேர்த்தியா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பாரத்தைக் குறைத்தால்தான் லாரியைப் பின்னுக்கு எடுக்க முடியும் என்றார் டிரைவர். போஜண்ணா மற்றவர்களைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் மேலே ஏறினார்கள். சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்கி, பாதையோரத் தேயிலை வரிசைகளுக்கு நடுவே போய் நின்றன. கீசர் இரண்டும் ஒரு செடியின் மேல் சாய்ந்துகொண்டன. வாஷிங் மெஷின் வடிகாலுக்கு அந்தப் பக்கம். ஃபிரிட்ஜ் நட்டநடுவில், இடுப்பளவு தேயிலைக்கு மேலே தலையைக் காட்டிக்கொண்டு நின்றது. ராஜாமணி சார் மூச்சிரைக்க இறங்கிவந்து பார்த்தபோது அவருடைய சமையலறை முழுவதும் தோட்டத்தில் பரவிக் கிடந்தது.

"இங்கயே பாலைக் காச்சிடலாமுங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

சக்கரம் சேற்றில் வழுக்கியது. அடியில் கொடுக்க ஏதாவது கெட்டியாக வேண்டும். டிரைவர் சுற்றும்முற்றும் பார்த்தார். ஃபிரிட்ஜின் மேல் சுற்றியிருந்த ஜமுக்காளத்தைச் சரக்கென்று உருவினார். அட்டைப்பெட்டி மட்டும் இருந்திருந்தால் ஃபிரிட்ஜ் அதற்குள் அடக்க ஒடுக்கமாக நின்றிருக்கும். என் சுற்றுச்சூழல் உணர்ச்சியின் புண்ணியத்தில் அது வெட்டவெளியில் பளபளவென்று நின்றது. மேகம் விலகி வெயில் வேறு அடித்தது.

"மாடு," என்றார் ஒரு பெண், மெதுவாக.

மேல் வரிசையில் ஒற்றைக் காட்டெருமை நின்றது. எங்கள் பக்கம் காட்டெருமை புதிதல்ல, பேச்சில் வெறும் 'மாடு'தான். தேயிலைக்குள் மேயும், ரோட்டைக் கடக்கும், பஸ் ஸ்டாண்டில்கூட நின்று பார்த்துவிட்டுப் போகும். நாம் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கும். ஆகையால் எல்லோரும் சத்தம் போடாமல் ஒதுங்கினோம். பெண்கள் இலை வண்டிக்குப் பின்னால் போனார்கள். ராஜாமணி சாரை இரண்டு பேர் தூக்கி இலைச் சாக்குகளின் மேல் உட்காரவைத்தார்கள். நான் லாரியின் காலிப் பெட்டியில் ஏறிக்கொண்டேன். மாடும் வழக்கம்போல் தன் பாட்டுக்குக் கீழே இறங்கியது. ஃபிரிட்ஜுக்கு எதிரே வந்ததும் நின்றது.

கறுப்புக் கதவுக்குள் இன்னொரு காட்டெருமை நின்றது. அதே உயரம், அதே கொம்பு, அதே முறைப்பு.

மாடு மூக்கால் ஊதியது. உள்ளே இருந்ததும் ஊதியது. மாடு தலையை ஒரு பக்கம் சாய்த்தது, அதுவும் சாய்த்தது. இவ்வளவு மரியாதை கெட்ட ஒரு மாட்டை அது அதுவரை சந்தித்ததில்லை போலிருக்கிறது. காலால் மண்ணைக் கிளறியது.

"வேண்டாஞ்சாமி," என்றார் ராஜாமணி சார் சாக்கு மேலிருந்து, கையெடுத்துக் கும்பிட்டபடி. "புது ஃபிரிட்ஜுங்க."

அவர் மாட்டுக்கும் 'ங்க' போட்டதை நான் அப்போதே கவனித்தேன். மாடு கவனிக்கவில்லை. இரண்டடி பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, ஒரே முட்டு. டமார் என்ற சத்தம் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. ஃபிரிட்ஜ் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்லச் சாய்ந்து தேயிலைச் செடிகளின் மேல் மல்லாந்து விழுந்தது. எதிரி காணாமல் போய்விட்டதால் மாடு திருப்தியாகத் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தது. வாஷிங் மெஷினிடம் அதற்குப் பகை இல்லை. வடிகாலைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

போஜண்ணா தேயிலைக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தார். அந்தத் தோட்டம் அவருடையது. "நாலு செடி போச்சு," என்றார். (இன்றுவரை அந்த நாலு செடிக்காக என்னைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக் கொட்டுவார்.)

ஜமுக்காளம் வேலை செய்தது. லாரி பின்னால் போய்விட்டது. இலை வண்டி பறந்தது. தராசை மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம், இலையும் தப்பித்தது. திரும்பி வந்த காலி வண்டியில் போஜண்ணாவே எங்கள் சாமானை ஏற்றி, அந்த வளைவில் அனாயாசமாகத் திரும்பி, வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். இலை வண்டிக்கு அந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை. முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் அது பொருட்டாக இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் ஃபிரிட்ஜை நிமிர்த்திவைத்து இணைப்புக் கொடுத்தோம். உர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஆனால் மேல்கதவில் குண்டான் அளவுக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் கொம்பு பதித்த ஓட்டை. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டேன். தேன் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், அந்த மாடு உங்க வளர்ப்பு மாடுங்களா?"

"காட்டெருமைங்க."

"ஓகே மேடம். அது ஃபிரிட்ஜ் பக்கத்துல எப்படி வந்துச்சு மேடம்?"

"ஃபிரிட்ஜ்தான் அது பக்கத்துல போச்சு."

"ஓகே மேடம். கூலிங் வருதுங்களா?"

"வருது."

"அப்ப உங்க கம்ப்ளைன்ட் என்ன மேடம்?"

போனை வைத்துவிட்டேன். சாவித்திரியம்மா அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. "கொம்பு பட்ட சாமானை வெச்சுட்டு எப்படிங்க அம்மிணி பாலைக் காச்சறது?" என்று மட்டும் கேட்டார். நான் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். திருப்பூருக்காக அழுததாக வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது முக்கால்வாசிதான் உண்மை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொந்தச் சமையலறை கேட்ட பெண்மணிக்கு நான் கொடுத்தது இதுதானே என்று இருந்தது.

அத்தா வந்தார். ஃபிரிட்ஜை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "நான் சொல்லித்தான பொண்ணை நம்பிக் குடுத்தீங்க? இது என் பொறுப்பு," என்று ராஜாமணி சாரிடம் சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

மத்தியானம் போஜண்ணாவின் இலை வண்டியில் அதே கறுப்பு ஃபிரிட்ஜ், அட்டைப்பெட்டியோடு, தெர்மோகோலோடு, பட்டுப்புடவை கட்டிய கல்யாணப் பெண் மாதிரி பத்திரமாக வந்து இறங்கியது. கூடவே ஜோசப் அண்ணன். இறங்கியதும் என்னைப் பார்த்து, "நாங்க பர்லியார் எல்லாம் தாண்டலம்மா. பஜாரைத்தான் தாண்டினோம்," என்றார். அதே மாடல் அவர் கடையில் மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்ததாம். அந்தப் பக்கமாக நான் தினமும் போய்வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பால் பொங்கியது. ஒரு சாமானும் குறையவில்லை. சாவித்திரியம்மா புது அடுப்புக்கு முன் நின்ற நிற்பைப் பார்த்து எனக்கு மறுபடி கண் கலங்கியது, இந்த முறை தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. ஆனால் வந்த விருந்தாளிகளில் பாதிப் பேர் சமையலறைக்கே வரவில்லை. போர்டிகோவில் வேறொரு ஜமுக்காளத்தைப் போர்த்தி ஓரமாக நிறுத்தியிருந்த பழைய ஃபிரிட்ஜைச் சுற்றித்தான் கூட்டம். ஜமுக்காளத்தை விலக்கிப் பள்ளத்தோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். சாக்கு மேல் உட்கார்ந்து கும்பிட்ட ராஜாமணி சார், வெள்ளிக்கிழமைக்குள் மாட்டை நேருக்கு நேர் அதட்டி விரட்டியவராக மாறியிருந்தார். "இந்த வேலையெல்லாம் யார் செஞ்சது?" என்று யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டி, "அந்த மாட்டுப் பொண்ணுதானுங்க" என்றார். பந்தியில் மூன்று பேர் என் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் அத்தாவும் நானும் மட்டும். பின்னால் கட்டி வைத்த கொம்பு ஃபிரிட்ஜ். நான் மனத்துக்குள் திருப்பூருக்குத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன், ஸ்வெட்டர் இல்லாமல்.

"இதை எங்க வைக்கறது?" என்றார் திடீரென்று.

"நம்ம வீட்டு அடுப்படியில..."

"அம்மா உள்ள விடமாட்டா. கேட்டுட்டேன்."

ஒரு வளைவு போனது.

"கடை மாடியிலதான் வைக்கணும். அந்தப் பெயின்ட் டப்பாவையெல்லாம் நாளைக்கு எடுத்துப் போடு," என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வர்றவங்க போறவங்க இந்த ஓட்டை என்னன்னு கேப்பாங்க. பதில் சொல்ல மேல ஒரு ஆள் உக்காந்திருக்கணும்ல?" என்றார்.

அப்படித்தான் எனக்கு அலுவலகம் கிடைத்தது. திறமையைப் பார்த்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

இப்போதும் அது என் மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, நன்றாகவே குளிர்கிறது. பள்ளத்தில் அம்மா ஒரு நாள்காட்டியை மாட்டினார், கொம்பு ஓட்டையே ஆணிக்கு இடமாயிற்று. கீழே கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அத்தா கதையைச் சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் மாடு வளர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் சோறு வெந்ததா என்று கேட்டால் அம்மா "பர்லியார் தாண்டிடுச்சு" என்கிறார். எந்த வேலைக்குக் கிளம்பினாலும் முதல் போன் அந்தப் பாதையின் இலை வண்டிக்காரருக்குத்தான் போடுகிறேன், மற்ற எல்லோருக்கும் அப்புறம்தான்.

போன வாரம் குன்னூரில் வேலை நடக்கிற வீட்டுக்காரர் போன் செய்தார். புகைபோக்கி எங்கே என்று ஒரே கத்தல். லாரி அப்போது கோயம்புத்தூரை விட்டே கிளம்பியிருக்கவில்லை. நான் நாள்காட்டியைப் பார்த்தேன், அதற்குப் பின்னால் இருந்த பள்ளத்தைப் பார்த்தேன். "பர்லியார் தாண்டிடுச்சுங்க சார்," என்றேன்.

கீழே கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"ஷமீ," என்று அத்தாவின் குரல் படியேறி வந்தது. "வண்டி வர்றதா அந்த மாட்டுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு!"